குளத்துக் களைவாரி: பத்து மாதம் இழுத்துப் பார்த்ததில் தெரிந்தது

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். களைவாரிக்கு ஐந்துக்கு நான்கு. குறைந்த அந்த ஒன்றுக்குக் காரணம் கைப்பிடியை இணைக்கும் ஒரு திருகு. அதைப் பற்றிப் பிறகு புலம்புகிறேன். போன வருடம் இதே குளத்தைச் சுத்தம் செய்ய வந்த இயந்திரச் சேவைக்கு நான் கொடுத்தது இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, இயந்திரத்தை ஓட்டிய தம்பிக்காக.

இரண்டையும் ஒரே மதிப்புரையில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். ஒன்று கன்வேயர் பெல்ட் வைத்த படகு. மற்றது அலுமினியச் சட்டத்தில் பல் வைத்த வாரி, ஒரு நீளத் தடி, ஒரு கயிறு. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான், மண்டிப் போன நீர்ச்செடியை வெளியே எடுப்பது. செடியோடு சேர்ந்து வேறு என்னென்ன வெளியே வந்தது, எடுத்த பிறகு தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று மட்டும் நான் பார்த்தேன். மற்ற மதிப்புரைகளில் எல்லாரும் முன்பு, பின்பு என்று இரண்டு படம் போட்டு “பளபளன்னு ஆயிடுச்சு” என்று எழுதியிருக்கிறார்கள். கரையில் கொட்டிய குவியலை ஒருவரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தேன். பேராசிரியர்கள் பாடம் எடுப்பார்கள். மாதிரி பிடிப்பது, தட்டில் பரப்புவது, எண்ணுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற வியாதி மட்டும் போகவில்லை.

குளம் பெரியது இல்லை. இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கேட்கும். நடுவில் நெஞ்சளவு ஆழம். ஓரத்தில் சம்பும் கோரையும், ஒரு மூலையில் அல்லி, நீருக்குள் வேலம்பாசி. மேலே முழுக்க ஆகாயத்தாமரை. ஊதாப் பூ பூக்குமே, இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்குமே, அது. பழைய ஆட்கள் இதை வெங்காயத்தாமரை என்பார்கள். ஆகாயத்தாமரை என்ற பெயர் முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும் இன்னொரு செடிக்கு உரியது என்று என்னிடம் சண்டைக்கே வந்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இப்போது எல்லாரும் சொல்வதையே நானும் சொல்கிறேன்.

சரி, எதற்காக எடுக்க வேண்டும்? பச்சையாக இருந்தால் உயிர்களுக்கு நல்லதுதானே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு குப்பியைக் காட்டினேன். நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பார்க்க விங்க்ளர் முறை என்று ஒன்று உண்டு. ஹங்கேரிக்காரரான லாயோஷ் விங்க்ளர் 1888-ல் சொன்னது, இன்றைக்கும் ஓடுகிறது. கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழ் புகாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்ஃபேட் கரைசல் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கரைசல் கொஞ்சம் விட்டு மூடிக் குலுக்கினால் வண்டல் மாதிரி ஒன்று திரளும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். செடி இல்லாத படித்துறைப் பக்கம் பிடித்த தண்ணீர் நல்ல தேன் நிறத்துக்குப் போனது. படலத்தின் நடுவில், கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பிடித்த தண்ணீரில் திரண்டது பால் திரிந்த மாதிரி வெள்ளை. குலுக்கினேன், மறுபடி குலுக்கினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மேலே இலை அடைத்துக்கொண்டால் கீழே வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் நீருக்குள் இருக்கும் பாசி ஆக்சிஜன் விடாது. காற்றும் தண்ணீரைத் தொடாது. மேலிருந்து உதிர்வது எல்லாம் அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் விரால், பனையேறிக் கெண்டை மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன்கள்தான் தாக்குப்பிடிக்கும். மற்றவை ஒதுங்கிவிடும், இல்லை செத்துவிடும். ஆனால் மான்சோனியா என்று ஒரு கொசு இருக்கிறது. அதன் புழு மூச்சுவிட மேலே வராது. மிதக்கும் செடியின் வேரில் குழாயைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு இந்தப் படலம் சொந்த வீடு. யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசுக்களில் இதுவும் ஒன்று. ஆகவே எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் ஓரம் வேறு கதை. படலத்தின் விளிம்பில், வெளிச்சமும் காற்றும் படுகிற முழம், இரண்டு முழ அகலத்தில், வேரைத் தூக்கிப் பார்த்தால் கூனி இறால், தட்டான் குஞ்சு, நத்தை, மீன்குஞ்சு என்று ஒரு தெருவே குடியிருக்கும். நடுவில் தூக்கினால் கறுப்பு வேர் மட்டும். ஒரே செடிதான். நடுவில் பாழ், ஓரத்தில் ஊர். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கருவி வாங்கலாம் என்றே எனக்கு யோசிக்கத் தெரிந்தது. போன வருடம் தெரியாது.

போன வருடம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இயந்திரச் சேவையை அழைத்தோம். பெயர் வேண்டாம். பேசும்போதே மூன்றில் ஒரு பங்கு செடியை விட்டுவிடச் சொன்னோம், தலையாட்டினார்கள். படகு காலையில் இறங்கியது. முன்னால் ஒரு வெட்டுப்பட்டை நீருக்குள் இறங்கி அறுக்கும். பின்னாலேயே பெல்ட் எல்லாவற்றையும் அள்ளி மேலே கொண்டுவரும். வேகம் பிரமாதம், குறை சொல்ல முடியாது. ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நன்றாக மண்டிய இடத்தில் ஒரு ஹெக்டேருக்கு 200 டன்னைத் தாண்டுவதுண்டு. அதைக் கையால் எடுக்கிறவர்களுக்குத்தான் இயந்திரத்தின் அருமை தெரியும். சாயங்காலத்துக்குள் குளம் கண்ணாடி. மூன்றில் ஒரு பங்கு விடவேண்டும் என்ற பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டால் “முழுசா எடுத்தாத்தாங்க வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும்” என்றார்.

நான் குவியல் பக்கம் போனேன். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, வடிகட்டி, கரண்டி. இவைதான் என் ஆயுதங்கள். படகை ஓட்டிய தம்பி கரைக்கு வந்தவர் நின்று பார்த்தார்.

“குப்பையில என்னக்கா தேடுறீங்க?”

“குப்பை இல்ல தம்பி. இந்தா, இதைப் பாரு.”

தட்டில் ஒரு நீர்மூட்டைப்பூச்சி. முதுகு முழுக்க முட்டை, அரிசியை நிறுத்தி அடுக்கியது மாதிரி. பெண், ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை சுமப்பது அப்பன்தான். அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் இருவரும் பொறுக்கினோம். தட்டான் குஞ்சுகள், இறால், இரண்டு வகை நத்தை, தலைப்பிரட்டை, நீர்த்தேள், விரல் நகத்தைவிடச் சிறிய மீன்கள். சிவந்த விரால் குஞ்சுகள் கூட்டமாக, ஒரு கையளவு. விரால் செடிகளுக்கு நடுவில் வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிட்டு, பொரித்த பிறகும் தாயும் தகப்பனுமாகக் காவல் நிற்கும். பெல்ட்டுக்கு அது தெரியுமா? ஓர் ஆமை மட்டும் தப்பியது. பெல்ட்டில் ஏறி வந்ததைத் தம்பியே பார்த்து, இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீரில் விட்டிருக்கிறார். நான் சொன்ன ஒரு மதிப்பெண் அதற்குத்தான். பிறகு லாரி வந்தது, குவியலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் பொறுக்கியது ஒரு மூலையைக்கூட முடித்திருக்காது.

இது எங்கள் குளத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் இல்லை. புளோரிடாவின் ஆரஞ்ச் ஏரியில் ஹைட்ரில்லாவை, அதாவது நம் வேலம்பாசி வகையை, இயந்திரத்தால் அறுத்து எடுத்தபோது கூடவே போன மீன்களைக் கணக்கெடுத்து 1980-ல் ஓர் ஆய்வு வந்தது. அறுத்த இடத்தில் இருந்த மீன்களில் எண்ணிக்கைப்படி சுமார் 32 சதவீதம், எடைப்படி 18 சதவீதம் செடியோடு போய்விட்டன. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். பெரிய மீன் சத்தம் கேட்டு ஓடிவிடுகிறது. சின்னது, ஒளிய வேண்டும் என்று தோன்றினால் செடிக்குள்தான் ஓடும். அந்தச் செடியையே அல்லவா அள்ளுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கண்ணாடித் தண்ணீர் பட்டாணிக் கூழ் மாதிரிப் பச்சையாகிவிட்டது. சேவைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு “அது வெயில்தாங்க” என்றார்கள். வெயில் மட்டும் என்றால் நான் விட்டிருப்பேன். செடி உறிஞ்சிக்கொண்டிருந்த சத்து தண்ணீரிலும் சேற்றிலும் மிச்சம் இருக்கிறது; போட்டிக்கு ஆள் இல்லை என்றதும் நுண்பாசி அதை எடுத்துக்கொண்டது. இன்னொன்றும் உண்டு. டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு நுண்பாசியைத்தான் வடிகட்டித் தின்னும். பகலில் மீனுக்குப் பயந்து செடிக்குள் பதுங்கி இருந்துவிட்டு, இருட்டியதும் வெளியே வரும். ஒளிய இடம் போனதும் மீன்கள் அதைத் தீர்த்துவிட்டன. முன்பெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்தால் தத்தித் தத்திப் போகிற புள்ளிகள் தெரியும். அந்த மாதம் ஒன்றுகூட இல்லை. ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு இப்படி இரண்டு நிலை உண்டு, செடியோடு தெளிவாக இருப்பது, செடியில்லாமல் கலங்கி இருப்பது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் புரண்டால் திரும்புவது லேசில்லை. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் கீழே போகாது, வெளிச்சம் இல்லாமல் அடியில் வேலம்பாசி முளைக்காது, அது முளைக்காமல் தண்ணீர் தெளியாது.

விடிகாலையில் மீன்கள் வாயை மேலே வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அறுத்த துண்டுகளில் பெல்ட்டுக்குத் தப்பியவை ஒரு மூலையில் ஒதுங்கி அழுகிக்கொண்டிருந்தன. ஆகாயத்தாமரை மட்டும் எதற்கும் அசரவில்லை. வசதி கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிற செடி அது. சேற்றில் விழுந்த விதை இருபது வருடம் வரைகூடக் கிடந்து முளைக்கும். நாலு மாதத்தில் மறுபடியும் பாதிக் குளம்.

அப்புறம்தான் வாரி வந்தது. இதே அச்சில் பல பெயர்களில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் இருந்தவை: 90 சென்டிமீட்டர் அகல வாரித் தலை, சாண் நீளப் பற்கள், பல்லுக்குப் பல் நாலு சென்டிமீட்டர் இடைவெளி, திருகிச் சேர்க்கும் மூன்று தடிகள், பத்து மீட்டர் நைலான் கயிறு, தலையில் மாட்டவும் கழற்றவும் கூடிய நுரை மிதவை. தனியாக வி வடிவக் கத்தி ஒன்று. மொத்தமாக நாலு கிலோவுக்குச் சற்று மேல். காய்ந்திருக்கும்போதுதான் நாலு கிலோ. செடியோடு இழுக்கும்போது எருமையை இழுக்கிற மாதிரி இருக்கும். முட்டி, இடுப்புக் கோளாறு உள்ளவர்கள் தனியாக இதைத் தொட வேண்டாம்.

மிதவை மாட்டி வீசினால் வாரி மேலேயே நிற்கும், மிதக்கும் செடியை மட்டும் இழுத்துவரும். இதில் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆகாயத்தாமரையின் ஓடுதண்டுகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், ஒரு கொத்தைப் பிடித்தால் பத்துப் பதினைந்து செடி சங்கிலி மாதிரி வந்துவிடும். மிதவையைக் கழற்றினால் வாரி அடிக்குப் போகும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. பல் சேற்றைக் கிளறினால் கறுப்புக் குழம்பு எழும்பி, அழுகின முட்டை நாற்றம் வரும். அந்தச் சேறு மேலே வந்தால் சுற்றியுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். முதல் நாள் ஆர்வக்கோளாறில் விடியற்காலையிலேயே அடியைக் கிளறினேன். இராத்திரி முழுக்கச் செடியும் உயிர்களும் மூச்சுவிட்டு, ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருப்பது விடிகிற நேரம்தான். ஆய்வகத்தில் எத்தனை தடவை கேட்ட பாடம்! அன்றைக்கு ஏழு சின்னக் கெண்டைகள் மிதந்தன. இப்போது பத்து மணிக்கு முன்னால் வாரியைத் தொடுவதில்லை, சேற்றுக்கு ஒரு சாண் மேலேயே இழுக்கிறேன்.

கத்தியை வாங்காதீர்கள். கயிற்றைக் கட்டி அடியோடு இழுத்தால் வேலம்பாசியைச் சரக்கென்று அறுக்கிறது, பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலம்பாசியின் ஒரு கணு இருந்தால் போதும், புதுச் செடி. ஓர் இழுப்புக்கு நூறு துண்டு மிதந்து போகும், நூறும் நூறு இடத்தில் வேர்விடும். வாரியால் முறுக்கிப் பிடுங்கினால் வேகம் குறைவு, சிதறலும் குறைவு. சம்புக்கு மட்டும் கத்தி உதவியது, நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தால் தாளுக்குக் காற்றுப் போகாமல் கிழங்கு அழுகுகிறது. இந்த ஒரு வேலைக்காக அதை வாங்குவது வீண்.

இனி, நான் இந்த வாரியைக் கொண்டாடும் விஷயம். அது இயந்திரத்தை விட நல்லது என்பதற்குக் காரணம் அது மெதுவாக இருப்பதுதான். இழுத்த கொத்தைக் கரைக்குத் தூக்கும் முன், தண்ணீரிலேயே வைத்து உதறலாம். பல்லின் இடைவெளி நாலு சென்டிமீட்டர் என்பதால் உதிர்வது குளத்திலேயே விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உதறாமல் எடுத்த பத்துக் கொத்தையும், மூன்று முறை உதறி எடுத்த பத்துக் கொத்தையும் தனித்தனியாகத் தட்டில் அலசி எண்ணினேன். கண்ணுக்குத் தெரிகிற உயிர், உதறாத கொத்தில் சராசரியாக நாற்பதை ஒட்டி. உதறியதில் பதினைந்து, பதினாறு. விழாமல் ஒட்டிக்கொண்டது யார் யார் என்று பார்த்தால், நத்தையும் அட்டையும், இலையடியில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளும். ஊசித்தட்டான் தண்டைக் கீறி உள்ளேயே முட்டை வைக்கும், அதை எப்படி உதறினாலும் வராது. அதற்காகத்தான் ஒரே நாளில் எல்லாத் தண்டையும் எடுக்கக் கூடாது என்கிறேன்.

கரையில் போட்டால் தானாகவே ஊர்ந்து போய்விடும் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. வண்டும் நீர்த்தேளும் போகும். பெரிய தட்டான் குஞ்சு, குவியல் ஈரமாகவும் தண்ணீரை ஒட்டியும் இருந்தால் போகும். மீன்குஞ்சுக்கும் தலைப்பிரட்டைக்கும் கால் இல்லை, கூனி இறாலுக்கு இருந்தும் பயனில்லை, நத்தை வழி தெரியாமல் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆகவே தார்ப்பாய் ஒன்றைத் தண்ணீரைப் பார்த்துச் சரிவாக விரித்து, அதன்மேல்தான் கொத்தைப் போடுகிறேன். மேலே இரண்டு வாளித் தண்ணீர். வழிவது குளத்துக்கே போகும். ஒரு இராத்திரி அப்படியே கிடக்கும், மறுநாள் தூரத்தில் கொண்டுபோய் உரக்குழியில் போட்டுவிடுவேன். கரையிலேயே மாதக்கணக்கில் விட்டால் அழுகி, அதன் சத்து மழையில் திரும்பக் குளத்துக்கே இறங்கும்; எடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. திருகை எப்படி மாட்டுவது என்று ஆறு படம். பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் என்ன?

அது இல்லாததால் ஒரு நாள் என் உயிரே போயிற்று. மூன்றாவது மாதம். ஒரு மூலையில் அழுகின செடிக் குப்பையாக ஒரு திட்டு மிதந்தது. வாரியை வீசி இழுத்தேன், வரவில்லை. மற்ற திட்டு என்றால் சுழன்று வரும். இது கட்டிப்போட்ட மாதிரி நின்ற இடத்திலேயே ஆடியது. கயிற்றைத் தளர்த்திவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், மேலே கிடந்த ஈர இலையை விரலால் விலக்கினேன். நாலு முட்டை, சேற்று நிறத்தில், தொட்டால் சூடாக. முக்குளிப்பான் கூடு. முட்டை இடும்போது வெள்ளைதான். அழுகின இலையில் கிடந்து கிடந்து கறை ஏறிவிடும். கூட்டை விட்டு இறங்கும்போது அம்மாவோ அப்பாவோ இலையை இழுத்து மூடிவிட்டுத்தான் போகும். அந்தக் கூட்டைத்தான் நான் குப்பை என்று இழுத்துக்கொண்டிருந்தேன். வாரியின் இரண்டு பல் கூட்டின் ஓரத்தில் மாட்டியிருந்தது. ஒவ்வொன்றாக விடுவித்து, இலையை இருந்த மாதிரியே மூடி, பின்னாலேயே நடந்து கரைக்கு வந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று, பறவை திரும்பி வர. அந்த மூலைக்கு அதற்குப் பிறகு இரண்டு மாதம் போகவில்லை.

அதிலிருந்து குளத்தைப் பாய் பின்னுகிற மாதிரிப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பட்டை எடுப்பது, இரண்டு பட்டை விடுவது, அடுத்த தடவை வேறு பட்டை. முழுப் பரப்பையும் வழிப்பதை விட, வாய்க்கால் மாதிரித் திறந்துவிட்டால் ஓரங்கள் பெருகும், உயிர்கள் குடியிருப்பது ஓரத்தில்தானே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் முட்டையிடுகிறது. எல்லாவற்றுக்கும் தோதான ஒரு நாள் என்று எந்த நாட்காட்டியிலும் இல்லை. எந்தத் தேதியில் எடுத்தாலும் யாருக்காவது நஷ்டம், ஆனால் பக்கத்துப் பட்டையில் அவர்களின் சொந்தக்காரர்கள் பத்திரமாக இருப்பார்கள்.

வாரி வாங்கலாமா, வேண்டாமா? பெரிய ஏரிக்கு இது உதவாது, கேலிக்கூத்தாகிவிடும். அங்கே இயந்திரம் வேண்டும், இல்லை கூன்வண்டு வேண்டும். விக்டோரியா ஏரியில் 1990-களின் நடுவில் நியோகெட்டினா என்கிற கூன்வண்டுகளை விட்டார்கள். அவை ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதையும் நம்பிப் பிழைப்பதில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் படலம் பெருமளவு குறைந்தது, எல் நினோ வானிலையும் கூடச் சேர்ந்து கைகொடுத்தது. சின்னக் குளத்துக்கு வண்டைச் சிபாரிசு செய்யமாட்டேன், வருடக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? புல்கெண்டை விடலாம் என்பார்கள். அது ஆகாயத்தாமரையை அவ்வளவாக விரும்பாது, இருக்கிற வேலம்பாசியை மொட்டையடித்துவிட்டுத் தண்ணீரைக் கலக்கி வைக்கும். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். செடி மொத்தமும் ஒரே வாரத்தில் செத்துத் தண்ணீரிலேயே அழுகும், மீன்கள் மூச்சுமுட்டும்.

அந்தத் திருகு. தடியோடு தலையைச் சேர்க்கும் இடத்தில் ஒரே ஒரு திருகு, அதுவும் சாதாரண இரும்பு. தண்ணீரில் போடுகிற சாமானுக்குத் துருப்பிடிக்கிற திருகை யார் வைப்பார்கள்? ஐந்தாம் மாதம் பாதி இழுப்பில் உடைந்து, தலை குளத்துக்குள், தடி என் கையில், நான் மல்லாக்க. நல்லவேளை மிதவை மாட்டியிருந்ததால் தலை மிதந்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு இரண்டு போட்டேன், அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. கயிறும் மட்டம்தான், கையை அறுக்கிறது. பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பற்களில் இரண்டு கோணிவிட்டன, அலுமினியம் என்பதால் கையாலேயே நிமிர்த்தலாம்.

போன வாரம் மறுபடியும் விங்க்ளர் வைத்தேன். போன வருடம் வெள்ளையாக நின்ற அதே இடம், இப்போது திறந்த வாய்க்கால். வண்டல் படித்துறைத் தண்ணீரில் திரண்டதைவிடக் கொஞ்சம் வெளிறிய பழுப்பு. டம்ளரில் பிடித்தால் புள்ளிகள் தத்துகின்றன. தண்ணீர் இன்னும் முழுசாகத் தெளியவில்லை, லேசான பச்சை இருக்கிறது. அல்லி இலைமேல் இலைக்கோழி ஒன்று இரண்டு நாள் நடந்துவிட்டுப் போனது, தங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது தட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். நேற்று ஓர் ஊசித்தட்டான் குஞ்சைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தான். அதற்கு வால் நுனியில் மூன்று இலை மாதிரி இருக்கும், அதுதான் செவுள்.

“அக்கா, மூணுல ஒண்ணு பாதிதான் இருக்கு. நம்ம வாரியா?”

“இருக்கலாம். மீன் கடிச்சிருக்கவும் கூடும். திரும்ப முளைக்கும்டா.”

விளக்கத் தாளின் பின்பக்கத்தில்தான் நான் கணக்கு எழுதுகிறேன். அதில் அவன் கையெழுத்தில் இருக்கிறது: ஊசித்தட்டான் 1, வால் இரண்டரை, விட்டாச்சு.